பசுவை விட விலை கூடிய அனுமதி

கனடாவில் நல்ல கறவைப் பசு ஒன்றைச் சில ஆயிரம் டொலருக்கு வாங்கிவிடலாம். அந்தப் பசுவின் பாலை விற்பதற்கான அனுமதிக்கு ஒன்ராறியோவில் 24,000 டொலர் வேண்டும். அல்பேர்ட்டாவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பசு செத்தால் அனுமதி சாகாது. மடிநோய் வந்து பசு கழிந்துபோனாலும் அனுமதியின் விலை ஒரு சதம்கூட இறங்காது. இந்த நாட்டுப் பால் தொழிலைப் பற்றி எந்தப் பேச்சை எடுத்தாலும் நான் இந்தக் கணக்கில்தான் தொடங்குவேன்; மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

டொரொன்டோவின் ஸ்காபரோவில் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பால் விலை பேச்சு ஒருமுறை வரும். நான்கு லீற்றர் பாலை மூன்று பைகளில் போட்டு விற்கும் ஒன்ராறியோ வழக்கம் எல்லோருக்கும் பழகிவிட்டது. விலைதான் இன்னும் பழகவில்லை. எல்லை தாண்டி பஃபலோ போகிறவர்கள் கார் டிக்கியில் சீஸும் பட்டரும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஆளுக்கு 20 டொலர் பெறுமதிக்கு மேல் கொண்டுவந்தால் தீர்வை கட்டவேண்டும் என்று சுங்கம் சொல்கிறது. அதையும் அவர்கள் குடும்பத்து ஆட்களை எண்ணிச் சமாளிப்பார்கள். "அமெரிக்காவில் பாதி விலை, இங்கே பகற்கொள்ளை" என்பது பந்தியின் தீர்ப்பு. கொள்ளை என்றால் யார் கொள்ளைக்காரன் என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும். பண்ணைக்காரனா, தொழிற்சாலையா, அரசாங்கமா?

அனுமதிக்குப் பெயர் கோட்டா. அதை லீற்றரில் அளப்பதில்லை. நாளொன்றுக்கு ஒரு கிலோ பால் கொழுப்பை விற்கலாம் என்பதுதான் ஒரு அலகு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு பசுவுக்கு ஒரு கிலோ, கொஞ்சம் முன்பின்னாக. நூறு பசு வைத்திருக்கும் ஒரு சாதாரண குடும்பப் பண்ணை, நிலம், கொட்டில், டிராக்டர் எதையும் சேர்க்காமல், வெறும் அனுமதிக்கே 24 லட்சம் டொலர் பெறுமதி வைத்திருக்கிறது. கோட்டாவுக்கு மேல் கறந்தால் சில நாள் கணக்குக்குச் சலுகை உண்டு. அதையும் தாண்டிய பாலுக்குக் காசு கிடையாது.

இது ஏன் வந்தது என்பதற்கு நியாயமான கதை இருக்கிறது. 1960களில் பாலும் பட்டரும் தேவைக்கு மேல் பெருகி, விலை ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. பால் நீண்ட நாள் தாங்காத சரக்கு. தொழிற்சாலைக்காரன் இன்று வேண்டாம் என்றால் பண்ணைக்காரன் நாளைக்கு என்று வைத்திருக்க முடியாது. பேரம் பேசும் பலம் முழுக்க வாங்குபவன் கையில் இருந்தது. 1967 மேயில் ஆயிரக்கணக்கான பண்ணையாளர்கள் ஒட்டாவாவில் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டே கனடியப் பால் ஆணைக்குழு சட்டத்தால் உருவாகியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் மாகாணங்கள் ஒவ்வொன்றாகத் தேசியத் திட்டத்தில் கையெழுத்திட்டன. உள்நாட்டுத் தேவை எவ்வளவோ அவ்வளவே கறப்பது. பண்ணையில் பாலின் விலையை உற்பத்திச் செலவை வைத்து நிர்ணயிப்பது. வெளிநாட்டுப் பாலை எல்லையில் நிறுத்துவது. மூன்றும் சேர்ந்தால்தான் நிற்கும், ஒன்றைப் பிடுங்கினால் மற்ற இரண்டும் சரியும்.

அன்று கோட்டா இலவசம். கறந்துகொண்டிருந்தவனுக்கு அவன் கறந்த அளவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் மகிழ்ந்து வாங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1976இல் தேவை குறைந்து கோட்டா வெட்டப்பட்டபோது, கியூபெக் பண்ணையாளர்கள் ஒட்டாவாவுக்கு வந்து விவசாய அமைச்சர் யூஜின் வீலனின் தலையில் பாலைக் கொட்டினார்கள். வாங்கி விற்கலாம் என்ற வழி திறந்த பிறகுதான் கோட்டா சொத்தானது. இன்றைய 24,000 கூடச் சந்தை விலை இல்லை. கிழக்கு மாகாணங்கள் தாங்களாகப் போட்ட உச்சவரம்பு. ஒன்ராறியோவில் மாதம் ஒருமுறை நடக்கும் கோட்டாப் பரிமாற்றத்தில் கேட்பவர்கள் வரிசை நீளம், விற்பவர்கள் கொஞ்சம்; பத்துக் கிலோ கேட்டவனுக்குக் கிடைப்பது ஒரு கிலோவில் ஒரு துண்டு. முப்பது வயதில் புதிதாகப் பண்ணை தொடங்க நினைக்கும் ஒருவனை, தாத்தாவுக்கு இலவசமாகக் கிடைத்ததைப் பேரனிடம் இலட்சங்கள் கொடுத்து வாங்கச் சொல்கிறது இந்த ஏற்பாடு. நான் உடன்படாத இடம் இதுதான். உற்பத்திக் கட்டுப்பாட்டில் எனக்குக் குறையில்லை. கட்டுப்பாட்டுச் சீட்டை விலைக்கு விட்டதில்தான்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பால் பவுசர் ஓட்டுகிறார். ஒருநாள் அவரோடு வூட்ஸ்டொக் பக்கம் போனேன். ஒக்ஸ்பேர்ட் கவுண்டி, ஒன்ராறியோவின் பால் நாடு. வூட்ஸ்டொக்கில் ஒரு பசுவுக்குச் சிலை இருக்கிறது, 1930களில் வைத்தது. ஸ்நோ கவுண்டஸ் என்று பெயர். வாழ்நாளில் அதிகப் பால் கொழுப்புக் கொடுத்ததற்காக. கொழுப்பை எண்ணும் பழக்கம் கோட்டாவுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்திருக்கிறது.

அண்ணைக்கு வேலை ஓட்டுவது மட்டும் இல்லை. பாலைத் தரம் பார்ப்பதற்கும் அவரிடம் உரிமம் இருக்கிறது. பண்ணையின் பால் அறைக்குள் போய்க் கையைக் கழுவிவிட்டு, துருப்பிடிக்காத உருக்குத் தொட்டியின் மூடியைத் திறந்து, முதலில் முகர்ந்து பார்த்தார். "மூக்குத்தான் தம்பி முதல் கருவி. வாடை பிடித்தால் ஏற்றக்கூடாது. தெரியாமல் ஏற்றினால் பவுசரில் இருக்கிற மற்றவனுடைய பாலும் கெட்டுவிடும்" என்றார். பிறகு வெப்பநிலை. பிறகு அளவுகோலைத் துடைத்துத் தொட்டிக்குள் இறக்கி, பால் நனைத்த கோட்டைக் கண்ணருகே வைத்து வாசித்து எழுதிக்கொண்டார். கலக்கியை ஓடவிட்டு, சில நிமிடம் பொறுத்து, நீண்ட கரண்டியால் மொண்டு சிறு குப்பி ஒன்றில் மாதிரி எடுத்து, அதில் பண்ணையின் குறியீட்டை ஒட்டினார். அதற்குப் பிறகுதான் குழாயைப் பொருத்தினார். வெள்ளைப் பாலில் தர வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பண்ணைக்காரனுடைய வருமானம் பவுசரில் ஏறிய பாலில் இல்லை, அந்தக் குப்பியில் இருக்கிறது. ஆய்வுகூடம் கொழுப்பு இத்தனை, புரதம் இத்தனை, மற்றத் திண்மம் இத்தனை என்று பிரித்துச் சொல்லும், காசு அதற்குத்தான். கோட்டா கழிவது கொழுப்புக்கு மட்டும்.

ஒரு நாட்டுப் பசுக்களைச் சட்டம் எப்படி மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டாம். கொழுப்பை அளந்து அனுமதி கொடுத்தால், குறைந்த பசுவில் கூடிய கொழுப்பு எடுப்பவன் கெட்டிக்காரன். இனப்பெருக்கம் அந்தத் திசையில் போகும், தீவனமும் அந்தத் திசையில் போகும். 2020இல் பெருந்தொற்று வந்து ஊரே வீட்டுக்குள் அடைபட்டபோது மிச்சமும் தட்டுப்பாடும் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரலில் உணவகங்கள் மூடி, பால் வாங்க ஆளில்லாமல், கறந்த பாலைக் கொட்டிவிடும்படி ஒன்ராறியோவில் பண்ணைகளுக்குச் சொல்லப்பட்டது. கொஞ்ச நாளில் எல்லோரும் வீட்டில் கேக் சுடத் தொடங்கினார்கள், பட்டருக்குத் தட்டுப்பாடு வந்தது. பசுவை ஒரே இரவில் பெருக்க முடியாது. தீவனத்தில் பாம் எண்ணெய்க் கொழுப்பைச் சேர்ப்பது எளிது. 2021 பெப்ரவரியில், மேசையில் வைத்த பட்டர் இளகவில்லை என்று நாடு முழுக்கப் புகார் கிளம்பியது. பாம் கொழுப்புத்தான் காரணம் என்று உறுதியாக யாராலும் காட்ட முடியவில்லை. இருந்தும் பண்ணையாளர் சங்கமே அதை நிறுத்தச் சொல்லி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. அந்தத் தீவனம் சட்டவிரோதம் இல்லை, புதிதும் இல்லை. கொழுப்பைக் கூட்டு என்று விதி சொன்னது, பண்ணைக்காரன் கூட்டினான்.

அதே விதி இன்னொரு தலைவலியையும் பெற்றுப் போட்டது. மக்கள் பட்டர் கேட்கிறார்கள் என்று கறந்தால், கொழுப்பை எடுத்த பிறகு மிஞ்சும் பாலை என்ன செய்வது? கனடாவில் கொழுப்பு நீக்கிய பால் திண்மம் எப்போதும் மிதமிஞ்சிக் கிடக்கிறது. சில காலம் மாட்டுத் தீவனத்துக்குப் போனது, சில காலம் குப்பைக்கே போனது. அடுத்து வந்த வர்த்தகச் சண்டைகளில் பெரியதொன்று இந்த மிச்சப் பாலைப் பற்றியது.

சண்டைக்கு முன் வேலியைப் பார்த்துவிடுவோம். இறக்குமதி பட்டருக்கு 298.5 வீதம், சீஸுக்கு 245.5 வீதம் தீர்வை. இந்த எண்களைச் செய்தியில் பார்க்கிறவர்கள் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். ஆனால் இவை ஒருவர் அறையில் உட்கார்ந்து பேராசையில் போட்ட எண்கள் அல்ல. காட் (GATT) என்ற பழைய உலக வர்த்தக உடன்படிக்கையின் 11ஆவது விதி, இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு போடக்கூடாது என்றது. ஒரு விலக்கு வைத்தது: உன் நாட்டு விவசாயியின் உற்பத்தியை நீ கட்டுப்படுத்துகிறாய் என்றால் வெளிநாட்டுப் பொருளையும் கட்டுப்படுத்தலாம். அதாவது கனடா எல்லையை அடைத்து வைக்க வேண்டுமானால், உள்ளே கோட்டா இருந்தே ஆகவேண்டும். உள்ளூர்ப் பண்ணைக்கு விழுந்த கயிறும் எல்லையில் விழுந்த பூட்டும் சட்டப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. 1989இல் ஐஸ்கிறீம், யோகட் வழக்கில் அமெரிக்கா வென்றபோது அந்த விலக்கின் எல்லை சுருங்கியது. 1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்து, அளவுக் கட்டுப்பாடுகளை எல்லாம் தீர்வையாக மாற்று என்றது. மாற்றினார்கள். எதுவும் உள்ளே வரமுடியாத அளவுக்கு உயரமான தீர்வையாக மாற்றினார்கள். அதோடு, உலக அமைப்பின் கணக்கில் ஆண்டுக்கு இருபதாயிரம் தொன் சொச்சம் சீஸ் குறைந்த தீர்வையில் வரலாம் என்று ஒரு சிறு கதவும் வைத்தார்கள். அந்தக் கதவின் சாவி பழைய இறக்குமதியாளர்கள் கையில். உள்ளே பண்ணைக்காரனிடம் ஒரு கோட்டா, வெளியே இறக்குமதிக்காரனிடம் இன்னொரு கோட்டா.

விலை வித்தியாசம் இருக்கும் எல்லையில் கள்ளக்கடத்தல் இல்லாமல் இருக்குமா? 2012இல் நயாகரா எல்லையில் பீட்சா சீஸ் கடத்தியதாக வழக்குப் பதிவானது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒரு பொலிஸ்காரரும் இருந்தார். சட்டத்துக்கு உட்பட்ட தந்திரம் அதைவிடச் சுவை. மொசரெல்லா சீஸோடு பெப்பரோனி இறைச்சியையும் ஒரே பொதியில் வைத்து, இது சீஸ் இல்லை, பீட்சா மேல்தூவல் என்று அறிவித்துத் தீர்வையில்லாமல் கொண்டுவந்தார்கள். இங்கே வந்ததும் பொதியைப் பிரித்துச் சீஸைத் தனியாக எடுத்துக்கொண்டார்கள். 2013இல் அரசாங்கம் அந்த ஓட்டையை அடைத்தது. அதே ஆண்டு பால் ஆணைக்குழு, பீட்சாக் கடைகளுக்குப் போகும் மொசரெல்லாவுக்கான பாலுக்கு மட்டும் விலை குறைந்த தனி வகுப்பொன்றைத் தொடங்கியது. ஆம், ஒரே தொட்டிப் பாலுக்கு வெவ்வேறு விலை. குடிக்கும் பாலாகப் போனால் ஒன்று, யோகட்டாகப் போனால் ஒன்று, சீஸாகப் போனால் ஒன்று. பண்ணைக்காரனுக்கு எல்லாம் கலந்து சராசரி வந்து சேரும்.

இந்த வகுப்புப் பட்டியலில்தான் மிச்சப் பால் வெடித்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் பாலை மென்சவ்வில் வடிகட்டிப் புரதச் செறிவாக்கி அனுப்பின. தீர்வை எழுதியபோது அப்படி ஒரு பொருள் யார் நினைவிலும் இல்லை. அதனால் அது தீர்வையில்லாமல் நுழைந்தது. கனடியச் சீஸ் தொழிற்சாலைகள் அதை வாங்கின, உள்ளூர்க் கொழுப்பு நீக்கிய பால் தேங்கியது. 2017 பெப்ரவரியில் கனடா ஏழாம் வகுப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்து அந்தப் பாலை உலக விலைக்கே தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தது. அமெரிக்கச் சரக்கு நின்றது. ஏப்ரலில் விஸ்கொன்சினில் ஒரு தொழிற்சாலை எழுபத்தைந்து பண்ணைகளிடம் இனி உங்கள் பால் வேண்டாம் என்று கடிதம் அனுப்பியது. அந்த மாதமே டிரம்ப் விஸ்கொன்சின் வந்து கனடாவைத் திட்டினார். உலகம் அன்று முதல் கனடியப் பாலைப் பற்றிப் பேசத் தொடங்கியது. நியூசிலாந்தும் கத்தியது. கனடா தன் மலிவு மாப்பாலை உலகச் சந்தையில் கொட்டுகிறது என்பது அதன் குறை. 2000களின் தொடக்கத்தில் ஏற்றுமதிக்கு மறைமுக மானியம் கொடுத்ததற்காக உலக வர்த்தக அமைப்பில் இதே இரு நாடுகளிடம் கனடா தோற்றிருந்தது. அந்த வடு ஆறவில்லை.

2020 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய வட அமெரிக்க ஒப்பந்தம் ஏழாம் வகுப்பைக் கொன்றது. கனடா தன் பால் சந்தையில் மூன்றரை வீதம் அளவுக்கு அமெரிக்காவுக்குத் திறந்தது. செய்திகளில் இவ்வளவுதான் வந்தது. ஒப்பந்தத்தின் உள்ளே இன்னொன்று இருக்கிறது, அதை வாசித்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. கொழுப்பு நீக்கிய பால்மாவையும் பால் புரதச் செறிவையும் சேர்த்து, முதலாம் ஆண்டு 55,000 தொன், இரண்டாம் ஆண்டு 35,000 தொன். அதற்கு மேல் ஏற்றுமதி செய்தால் கிலோவுக்கு 54 சதம் கட்டணம் கனடாவே விதிக்கவேண்டும். அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கு மட்டும் அல்ல, உலகில் எங்கே போனாலும். குழந்தைப் பால்மாவுக்கு, அதற்கான வரம்பைத் தாண்டினால், கிலோவுக்கு 4.25 டொலர். ஒன்ராறியோவின் கிங்ஸ்டனில் சீன நிறுவனமான ஃபெய்ஹே குழந்தைப் பால்மாத் தொழிற்சாலை கட்டியபோது, மிச்சப் பாலுக்கு ஒரு வழி கிடைக்கும் என்று இங்கே நம்பியிருந்தார்கள். வெளிப்பாலை உள்ளே விடாதே என்று வேலி போட்டவனிடம், சரி, உன் பாலையும் வெளியே விடாதே என்றது ஒப்பந்தம். வேலி இரு பக்கமும் அடைபட்டது.

திறந்த மூன்றரை வீதத்துக்குள்ளும் ஒரு வேடிக்கை. இறக்குமதி அனுமதியில் பெரும்பகுதியைக் கனடா யாருக்குக் கொடுத்தது? உள்நாட்டுப் பால் தொழிற்சாலைகளுக்கு. தங்களோடு போட்டியிட வரும் சரக்கை இறக்குமதி செய்யும் உரிமை அவர்கள் கையிலேயே. வேண்டுமானால் கொண்டுவரலாம், வேண்டாமானால் அனுமதியைக் கிடப்பில் போடலாம். அமெரிக்கா வழக்குப் போட்டு 2022 ஜனவரியில் வெளியான தீர்ப்பில் வென்றது. கனடா விதியை மாற்றியது. மாற்றம் போதாது என்று அமெரிக்கா மறுபடி போட்ட வழக்கில் 2023 நவம்பரில் கனடா வென்றது. பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் இதே குறையோடு நியூசிலாந்து தொடுத்த வழக்கு 2025 ஜூலையில்தான் சமரசமாக முடிந்தது.

நியூசிலாந்து என்றதும் என் போன்றவர்களுக்குக் கோபம் வருவது கடினம். நாங்கள் இலங்கையில் வளர்ந்தது அங்கர் பால்மாத் தேநீரில். இப்படி ஒரு வேலி இல்லாத நாடு எப்படி இருக்கும் என்பதற்கு இலங்கையே சாட்சி. வீட்டில் மாடு இருந்தும், கடையில் தகரத்திலும் பக்கற்றிலும் வந்த மாவே சமையலறையை ஆண்டது. 2021இல் அந்நியச் செலாவணி வறண்டபோது பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, உள்ளூர்ப் பாலைக் காப்பாற்றுவது வீண் என்று வாதாடும் கட்டுரைகளை என்னால் முழு மனதோடு வாசிக்க முடிவதில்லை. வேலியைப் பிடுங்கியவர்களின் கதையும் தேன் அல்ல. அவுஸ்திரேலியா 2000இல் கட்டுப்பாட்டை எடுத்தது. 2011இல் பேரங்காடிகள் லீற்றர் ஒரு டொலருக்குப் பாலை விற்று பண்ணையாளரின் வயிற்றில் அடித்தன. ஐரோப்பா 1984இல் தொடங்கிய கோட்டாவை 2015 மார்ச்சுடன் முடித்தது. அந்த ஆண்டே விலை சரிந்தது. அமெரிக்காவும் புனிதர் இல்லை: தானும் சீஸுக்கும் பட்டருக்கும் இறக்குமதி அளவு வைத்திருக்கிறது, விலை விழுந்தால் வரிப்பணத்தில் பண்ணைக்கு ஈடு கொடுக்கிறது. கனடியன் கடையில் கட்டுவதை அமெரிக்கன் வரியில் கட்டுகிறான்.

ஆனால் சிறு குடும்பப் பண்ணையைக் காக்கிறோம் என்று இங்கே சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. கோட்டா தொடங்கிய காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த பால் பண்ணைகள் இன்று ஒன்பதாயிரம் சொச்சம். விஸ்கொன்சினில் கடனில் மூழ்கி மூடுகிறார்கள். ஒன்ராறியோவில் கோட்டாவை விற்றுக் கைநிறையக் காசோடு மூடுகிறார்கள். அண்ணையின் பவுசர் நிறைவதற்குப் போகும் வாசல்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. பண்ணைகள் பெரிதாகிக்கொண்டு போவதை எந்த வேலியும் தடுக்கவில்லை.

மாற்றலாமே என்றால், யார் மாற்றுவது? 2017இல் பழைமைவாதக் கட்சித் தலைமைக்கு நின்ற மக்சீம் பேர்னியே இதை ஒழிப்பேன் என்றார். பதின்மூன்றாம் சுற்றில், இரண்டு வீதத்துக்கும் குறைந்த இடைவெளியில் அன்ட்ரூ ஷியரிடம் தோற்றார். கியூபெக் பால் பண்ணையாளர்கள் அதற்காகவே கட்சியில் சேர்ந்து வாக்களித்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி. வென்றவர் சில நாளில் ஒரு பத்திரிகையாளர் விருந்து மேடையில் பால் பெட்டியைத் திறந்து குடித்துக் காட்டிச் சிரித்தார். 2025 ஜூனில் இன்னும் ஒரு படி: இனிமேல் எந்த வர்த்தகப் பேச்சிலும் பால், கோழி, முட்டைக்கான இறக்குமதி அளவைக் கூட்டவோ தீர்வையைக் குறைக்கவோ வெளிவிவகார அமைச்சரால் ஒப்புக்கொள்ள முடியாது என்று கியூபெக் கட்சி ஒன்று கொண்டுவந்த மசோதா சட்டமானது. வட அமெரிக்க ஒப்பந்தத்தின் மீளாய்வு 2026 ஜூலைக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்போது, பேச்சுக்குப் போகும் முன்பே கையைக் கட்டிக்கொண்டார்கள்.

இதெல்லாம் பண்ணைக்காரனின் வாக்கு பலம் என்று எழுதுகிறவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 950 கோடி லீற்றர் பால். அதிலுள்ள கொழுப்பை நாள் கணக்கில் பிரித்தால் பத்து லட்சம் கிலோவுக்குச் சற்று மேல் வரும். கிழக்கின் உச்சவரம்பான 24,000 டொலரால் பெருக்கினாலே 2,500 கோடி டொலருக்கு மேல். தீர்வை போனால் இந்தத் தொகை ஒரே நாளில் காற்றில் போகும். அதை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்த வங்கிகள் இருக்கின்றன, அதை நம்பி ஓய்வு பெற நினைக்கும் அறுபது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள், நேற்றுத்தான் வாங்கிய முப்பது வயதுக்காரனும் இருக்கிறான். அந்த மூன்றாமவன் மட்டும்தான் என் அனுதாபத்துக்கு உரியவன், அவனுக்கு அடிதான் மிகப் பலமாக விழும்.

அரசாங்கம் இதுவரை செய்தது நட்டஈடு. ஐரோப்பிய, பசிபிக் ஒப்பந்தங்களுக்காக 2019இல் பால் பண்ணைகளுக்கு 175 கோடி டொலர் அறிவித்தார்கள். வட அமெரிக்க ஒப்பந்தத்துக்குப் பின்னர் தனியாக. பங்கு பிரித்தது கையிலிருந்த கோட்டாவின் அளவுப்படி. ஆகவே அதிகம் வைத்திருந்தவனுக்கு அதிகம் போனது. கோட்டா வாங்கக் காத்து நிற்பவனுக்கு ஒரு சதமும் இல்லை. வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டு பெரிய பண்ணைக்காரன் அடுத்த மாதப் பரிமாற்றத்தில் அவனுக்கு முன்னால் வந்து நிற்கிறான்.